தண்டுக்கடியில் ஒரு தொப்பை

சட்டையைப் பாக்குறீங்க. பரவாயில்ல தம்பி, பாருங்க. இரவல் சட்டை இல்ல, என்னோடதுதான். தோள்ல சரியா இருக்கு, வயித்துக்கிட்ட மட்டும் இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு. வயித்துக்குன்னே அளவெடுத்துத் தைச்சது. வயிறு போயிடுச்சு, சட்டை நின்னுடுச்சு. போன வைகாசியில நூத்திப் பத்து சென்டிமீட்டர் இருந்தேன். நேத்து தொண்ணூத்தெட்டு. டாக்டரம்மா அவங்க கையாலயே டேப்பு பிடிச்சு ரெண்டு தடவை அளந்தாங்க.

மணி என்ன ஆவுது? ஒம்பதே முக்காலா. சரி, இந்த பஸ்ஸுலயே போயிடலாம். தஞ்சாவூருதான், ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. பக்கிரிசாமின்னு ஒருத்தன், அவனுக்குத் தோள்ல ஆபரேஷன். பதினோரு மணிக்கு உள்ள கொண்டுபோயிடுவாங்களாம். அதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். மயக்க ஊசி போட்டுட்டா அப்புறம் எங்க பேசறது. அதான் காலைலயே கெளம்பிட்டேன்.

என் பேரு கோவிந்தராசு. அறுபத்திநாலு வயசு. எங்க ஊர்ப் பெருமாளுக்குச் சீர்பாதம் தாங்குறவன். புரியலியா? சாமி புறப்பாடு பாத்திருப்பீங்கல்ல. வாகனத்துக்கு அடியில நீளமா மரத்தண்டு போட்டு, ஆளுங்க தோள்ல தூக்கிக்கிட்டு வருவாங்களே, அந்த ஆளுங்கதான் நாங்க. இருபத்திரெண்டு வயசுல தோள் குடுத்தேன். நாப்பத்திரெண்டு வருஷம். வருஷத்துல நூறு நாளுக்குக் குறையாம புறப்பாடு இருக்கும். எங்க அப்பா நின்ன எடத்துலதான் நான் நிக்கிறேன். அந்த எடத்தை விட்டா எனக்கு ஊர்ல வேற எடம் கிடையாது தம்பி. பெருமையாச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன். நான் பொய் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் கோயிலுக்குப் புது அதிகாரி வந்தாரு. வந்ததும் வராததுமா ஒரு உத்தரவு. அறுபது தாண்டினவங்க எல்லாம் உடம்பு நல்லாருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்தாத்தான் தண்டைத் தொடலாமாம். எப்படி இருக்கும் எனக்கு? சரின்னு எங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டரம்மா சின்னப் பொண்ணு, எங்க கடைசி மக வயசு. சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. தொப்புளுக்கு மேல டேப்பைச் சுத்தினாங்க. நான் மூச்சை உள்ள இழுத்துக்கிட்டேன்.

"பெரியவரே, மூச்சை விடுங்க."

விட்டேன். நூத்திப் பத்து.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பெருமாளைத் தூக்குறேம்மா. நாப்பத்திரெண்டு வருஷமா."

அவங்க என் கையைப் பிடிச்சுப் பாத்தாங்க. தொடையை அமுக்கிப் பாத்தாங்க. "பாரம் சுமக்குறவருக்கு இப்படி இருக்காதே. கை குச்சியா இருக்கு, காலு குச்சியா இருக்கு, எல்லாம் நடுவுல வந்து உக்காந்திருக்கு. இது சும்மா இருக்குறவங்க வயிறு"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "அது பிரசாதம்மா. பொங்கல், புளியோதரை. நாங்க என்ன வேணாம்னா சொல்ல முடியும்?" அப்படின்னேன்.

"எல்லாரும்தானே சாப்பிடுறீங்க. உங்க கூட வர்ற பக்கிரிசாமி போன வாரம் வந்தாரு. வயிறு ஒட்டிக் கெடக்கு. அவரு தோள்ல எலுமிச்சங்காய் அளவுக்குக் காய்ப்பு இருக்கு. உங்களுக்கு ஏன் தோளு வழவழன்னு இருக்கு?"

"அது பெருமாளோட கிருபை. ஆறு வருஷமா அவராப் பாத்து எனக்கு லேசா வர்றாரு." ஊரு முழுக்க நான் சொல்லிக்கிட்டிருந்தது அதுதான். ஊரும் நம்பிச்சு. அந்தப் பொண்ணு மட்டும் கையெழுத்துப் போடல. பேனாவை மூடி வச்சிட்டு எனக்குப் பாடம் எடுக்குது. தோலுக்குக் கீழ இருக்குற கொழுப்பு வேறயாம், குடலைச் சுத்தி ஒட்டிக்கிட்டிருக்குறது வேறயாம். வயசான ஆம்பளைக்குக் கை கால்ல சதை வத்தி, இந்த உள் கொழுப்பு ஏறிக்கிட்டே போவுமாம். மாரடைப்பு, சக்கரை எல்லாம் அங்கேருந்துதான் கெளம்புமாம். "எடை குறையலேன்னாக்கூடக் கவலை இல்ல. தினம் முக்கால் மணி நேரம் வேகமா நடங்க. நடந்தா மொதல்ல அதுதான் கரையும்"ன்னாங்க. நாப்பத்திரெண்டு வருஷம் நாலு வீதியும் நடந்தவனைப் பாத்து நடக்கச் சொல்றாங்க. நான் சட்டையை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து மங்களத்துக்கிட்ட, அதான் என் சம்சாரம், கத்தினேன். அவ "டாக்டரம்மா சொல்றதுல என்ன தப்பு"ன்னு மட்டும் கேட்டா. ரெண்டு நாளு அவகூடப் பேசல நான்.

கோவம் எனக்கு யார் மேலன்னு நெனைக்கிறீங்க? பக்கிரி மேல. அவன் எதுக்குப் போய்த் தோளைக் காட்டணும்? எப்பப் பாத்தாலும் வலி வலின்னு ஒரு அனத்தல். உங்களுக்கு எங்க வரிசையைச் சொன்னாத்தான் புரியும். முன்பக்கம் ஒரு தண்டுக்கு மூணு பேரு. முன்னால சாரங்கபாணி, நடுவுல நான், எனக்குப் பின்னால வாகனத்தை ஒட்டி பக்கிரி. மூணு பேருக்கும் ஒசரம் ஒண்ணா இருக்குமா? இருக்காது. அதுக்குத்தான் தோள்ல துணியை மடிச்சு வைக்கிறது. குட்டையா இருக்குறவன் ஒரு மடிப்புக் கூட வைப்பான், நெட்டையா இருக்குறவன் ஒண்ணு குறைப்பான். துணியிலதான் பாரத்தைப் பங்கு போடுறது. எனக்கும் பக்கிரிக்கும் நாலு நாலு மடிப்பு. எங்க அப்பா காலத்துலேருந்தே அந்த எடத்துக்கு அதுதான் கணக்கு.

இவன் கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாக்கினான், ஆறாக்கினான். "ஏண்டா, பெருமாளைத் தூக்க வந்தியா, தலகாணி வச்சுத் தூங்க வந்தியா"ன்னு எல்லார் முன்னாடியும் கேப்பேன். சிரிப்பாங்க. அவனும் சிரிப்பான். "எரியுது அண்ணே, என்ன பண்றது"ம்பான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். செங்கச் சூளையில வேலை பாத்த உடம்பு. அவனுக்கு எரியுதாம், எனக்கு எரியல. இதை நான் எத்தனை பேருகிட்டச் சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல.

ஆங், அதுக்கு நடுவுல ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு. ஆறு மாசம் பாரம் தூக்கக் கூடாதுன்னாங்க. நான் மூணே மாசத்துல வந்து நின்னேன். இல்லேன்னா எடம் கைமாறிடும். அப்ப பக்கிரிதான் சொன்னான், "இந்த ஒரு வருஷம் நான் பாத்துக்குறேன் அண்ணே, நீங்க சும்மா தோளைக் குடுத்துட்டு வாங்க"ன்னு. ஒரு மடிப்பு ஏத்தி, என் பாரத்தையும் அவன் தோளுக்கு வாங்கிக்கிட்டான். அந்த வருஷம் அவன்தான் பாத்துக்கிட்டான். நல்ல பயதான். நல்லவன் இல்லேன்னு நான் எப்பவும் சொன்னதில்ல.

வைகாசித் திருவிழா வந்துச்சு. இந்த ஒரு திருவிழாவுக்கு டாக்டர் சீட்டு இல்லாம நில்லுங்க, பங்குனிக்குக் கண்டிப்பா வேணும்னு அதிகாரி விட்டுட்டாரு. கருட சேவை. காலைல ஏழு மணிக்கு வாகனம் கோபுர வாசலைத் தாண்டிடுச்சு. கருட வாகனம்னா சும்மா இல்ல தம்பி. மரத்து மேல செம்புத் தகடு, அதுக்கு மேல பெருமாள், நகை, மாலை, பட்டாச்சாரியார் ரெண்டு பேரு, குடை பிடிக்கிறவரு. தெற்கு வீதி ஒழுங்காப் போச்சு. மேல வீதி திரும்புற எடத்துல ரோடு போடுறேன்னு ஒரு பக்கத்தை மேடாக்கி, எங்க பக்கத்தைப் பள்ளமா விட்டு வச்சிருக்கான். திரும்புறப்ப எங்க தண்டு பக்கம்தான் சாயும். அந்தப் பள்ளத்து ஓரமாத்தான் பொம்பளைங்க, புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நெருக்கியடிச்சு நிக்கிறாங்க.

பின்னால பக்கிரி மூச்சு விடுற சத்தம் கேக்குது. எப்பவும் கேக்குறதுதான். அன்னைக்கு வேற மாதிரி இருந்துச்சு. அப்புறம் கூப்பிட்டான்.

"அண்ணே."

தண்டுக்கு அடியில நாங்க பேசிக்க மாட்டோம். சாரங்கபாணி குரல் குடுப்பான், நாங்க காலை வைப்போம், அவ்வளவுதான். நாப்பது வருஷத்துல பக்கிரி அங்க வாயைத் தொறந்ததில்ல. நான் திரும்பல.

"அண்ணே, தோளைக் கொஞ்சம் ஏத்துங்க. முடியல."

கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. "நட"ன்னு சொன்னேன்.

நாலு அடி போயிருப்போம். பின்னால ஏதோ அந்து போற சத்தம். அவன் கத்தக்கூட இல்ல, ம்ம்னு ஒரு முனகல். தண்டு அப்படியே என் தோள்ல எறங்கிச்சு தம்பி. ஒரு பக்கத்துப் பாரம் மொத்தமும். முட்டி ரெண்டும் மடங்குது. வயிறு முன்னால இழுக்குது, முதுகு பின்னால வளையுது, ரெண்டுக்கும் நடுவுல மூச்சுக்கு எடமே இல்ல. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. மேல குடை சாயுறது தெரியுது. ஜனம் கோவிந்தா கோவிந்தான்னு கத்துது, அவங்களுக்கு என்ன தெரியும், பெருமாள் ஆடி வர்றாருன்னு கும்பிடுறாங்க. எனக்கு நேரா கீழ ஒரு பொண்ணு, இடுப்புல கைக்குழந்தை, அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது. போச்சு, இந்தப் பொண்ணு மேலதான் விழப்போவுதுன்னு நெனைச்சேன்.

விழல. என்ன ஆச்சுன்னா, பக்கிரி வலது கை தொங்கிக்கிட்டிருக்க, அப்படியே உடம்பைத் திருப்பி எடது தோளைக் குடுத்து முட்டிட்டான். பாதியை அவன் வாங்கிக்கிட்டான். ஒம்பது அடி. எண்ணினேன். அதுக்குள்ள முட்டுக்கட்டையைக் கொண்டாந்து குடுத்து வாகனத்தை நிறுத்திட்டாங்க. நான் அங்கேயே உக்காந்துட்டேன், வாந்தி வந்துடுச்சு. பக்கிரி செவுத்தோரம் போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

சாயங்காலம் கோயில்ல கூப்பிட்டாங்க. எல்லாரும் நிக்கிறாங்க, அதிகாரி நிக்கிறாரு. அறுபத்திநாலு வயசுல கோவிந்தராசுதான் பெருமாளைக் கீழ விடாமத் தாங்கினாருன்னு சொல்லி எனக்குத் தலையில பரிவட்டம் கட்டினாங்க. பாத்தவங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. பக்கிரி தோளை விட்டுட்டான், நான் பிடிச்சுட்டேன்னு. நான் தலையைக் குனிஞ்சேன், கட்டினாங்க. பக்கிரி மக சுமதியும் அங்கதான் நின்னுச்சு. அது என்னைப் பாத்துக் கும்பிட்டுச்சு.

அன்னைலேருந்து அவனால கையைத் தூக்க முடியல. சட்டை போட மக வேணும், சோத்தைப் பெசைய எடது கை. எண்ணெய்க்கட்டு போட்டுப் பாத்தாங்க, ஆவியில வச்சுப் பாத்தாங்க. ஏழு மாசம் போச்சு. தோளுக்குள்ள தசைநார் அந்துபோச்சு, ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா நைஞ்சு கிடந்ததுதான் அந்திருக்கு, ஆபரேஷன் பண்ணினாலும் பாரம் தூக்குறதெல்லாம் இனிமே ஆவாதுன்னு இங்க தஞ்சாவூர்ல சொல்லிட்டாங்க.

நான் திருவிழாவுக்கு மறுநாள்லேருந்து நடக்க ஆரம்பிச்சேன். ஏன்னு யார்கிட்டயும் சொல்லல. ஆத்தங்கரையோட அணைக்கட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்புவேன். மொத வாரம் பாதியிலயே உக்காந்துடுவேன். பிரசாதத்தைப் பாதியாக்கினேன். ரெண்டு மாசம் போயும் எடை ஒரு கிலோகூடக் குறையல, ஆனா வேட்டி மட்டும் நழுவ ஆரம்பிச்சுது. டாக்டரம்மா சொன்னது சரிதான். அப்புறம் ஒரு சாக்குல மணலை ரொப்பித் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தேன். பாக்குறவங்க எல்லாம், பரிவட்டம் கட்டின மனுசன், இந்த வயசுலயும் பெருமாளுக்காக என்ன பாடுபடுறாருன்னாங்க. நேத்து டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. இதோ, சட்டைப் பையிலதான் இருக்கு. பங்குனிக்கு நான் தண்டைப் பிடிக்கலாம்.

சீட்டு கையில வந்தா சந்தோசமாத்தானே இருக்கணும். நேத்துச் சாயங்காலம் சுமதி வந்துச்சு. "பெரியப்பா, அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. பங்குனிக்கு அவரு எடத்துல நீங்கதான் நிக்கணுமாம். எங்க யாருக்கும் தோளு மிஞ்சல, அண்ணன் தோளைத்தான் பெருமாளு கெடாமக் காப்பாத்தி வச்சிருக்காரு, வாகனத்தை ஒட்டி அவருதான் நிக்கணும், அப்படின்னாரு. தன்னாலதான் அன்னைக்கு வாகனம் சாஞ்சுச்சுன்னு இன்னும் அழுவுறாரு பெரியப்பா"ன்னு சொல்லுது.

கேலியாச் சொல்லியிருப்பானோன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். கேலியா இருந்தாத் தேவலையேன்னு இருந்துச்சு. பக்கிரிக்குக் கேலி பண்ணத் தெரியாது தம்பி.

யாரு, கண்டக்டரா கத்துறது? ஆஸ்பத்திரி எறங்குறவங்களா. எறங்குறவங்க எறங்கட்டும். நீங்க கேளுங்க, முடிச்சுடுறேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

காலி பஸ்ஸா ஆள் ஏறின பஸ்ஸான்னு டிரைவருக்குத் தெரியாதா? தோள்ல பாரம் இருக்கா இல்லையான்னு தூக்குறவனுக்குத் தெரியாதா? தெரியும். மொத நாள்லேருந்து எனக்குத் தெரியும். அந்த மொத வருஷம் அவனாச் செஞ்சது. ஒரு வருஷம்னு சொன்னான், சொன்னபடி அடுத்த வருஷம் துணியை நாலு மடிப்புக்கு எறக்கிட்டான். மறுபடியும் பாரம் என் தோளுக்கு வந்துச்சு. ஒரே ஒரு புறப்பாடு தாங்கினேன். தையல் போட்ட எடம் விண்ணுன்னு வலிச்சுது. ஒரு வருஷம் சும்மா வந்து பழகின உடம்பு. மறுநாள் நான் என் துணியை மூணு மடிப்பாக்கினேன். அப்புறம் ரெண்டு. மேல அங்கவஸ்திரம் கிடக்கும், யாருக்கும் தெரியாது. எனக்கும் தண்டுக்கும் நடுவுல ஒரு விரல் எடம். அஞ்சு வருஷம் அந்த எடத்துல காத்துதான் போயிட்டு வந்துச்சு.

பாரம் பூரா அவன் மேல. தோளு எரியும், எரிஞ்சா இன்னொரு மடிப்பு வைப்பான், வச்சா இன்னும் பாரம் அவன் மேலயே ஏறும். ஏன் எரியுதுன்னு அவனுக்குத் தெரியாது. வயசாயிடுச்சுன்னு நெனைச்சுக்கிட்டான். நான் அதைப் பாத்துத் தலகாணின்னு சிரிச்சேன். அன்னைக்கு ஏத்துங்க அண்ணேன்னு கேட்டான் பாருங்க, ஒரு மடிப்பு ஏத்தியிருந்தாப் போதும். அவன் தோளைத் தின்னுதான் தம்பி எனக்கு வயிறு வளந்துச்சு. கண்டுபிடிச்சது அந்த டாக்டர் பொண்ணு ஒண்ணுதான், அதுவும் ஒரு டேப்பை வச்சுக்கிட்டு.

அதைத்தான் அவன்கிட்டச் சொல்லணும். மயக்கத்துல எதுவும் ஆயிட்டா, தன்னாலதான் பெருமாள் சாஞ்சாருன்னு நெனைச்சுக்கிட்டே போயிடுவான். உன்னால இல்லடா, என்னாலன்னு சொல்லணும். சொன்னா பங்குனிக்கு எனக்கு எடம் இருக்காது. பரிவட்டமும் இருக்காது. சுமதி மூஞ்சியில முழிக்க முடியாது. அது தெரிஞ்சுதான் கெளம்பி வந்தேன்.

என்ன சொல்றீங்க? ஆஸ்பத்திரி ஸ்டாப்பு தாண்டிடுச்சா? தெரியும் தம்பி. கண்டக்டர் கத்தும்போதே தெரியும்.

மணி பத்து இருபதா. சரி, இங்க எறங்கிடுறேன். திரும்ப எவ்வளவு தூரம் இருக்கும்? நாலு கிலோமீட்டரா. அது ஒண்ணும் பெருசில்ல, நான் தினம் அஞ்சு நடக்குறேன். இப்ப காலு நல்லா வருது. வேகமா எட்டி வச்சா முக்கால் மணி நேரம், பதினொண்ணு அஞ்சு, பதினொண்ணு பத்துக்குள்ள போயிடுவேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஆமா, பதினொண்ணுக்கு அவனை உள்ள கொண்டுபோயிடுவாங்கதான்.

சரி. நீங்களும் எறங்குங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்த ஆட்டோவை நீங்களே கூப்பிட்டு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நீங்களே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. என்னைக் கூப்பிடச் சொன்னா நான் நடந்துடுவேன்.